கட்டைப் பையும் கண்ணாடிக் கதவும்

ஒருத்தர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்று தெரிய வேண்டுமானால் நேராகக் கேட்காதீர்கள். மரியாதை இல்லை, தவிர, உண்மையும் வராது. "வீட்டுக்கு மளிகை எங்கே சார் வாங்குறீங்க?" என்று கேளுங்கள். மனுஷர் சம்பளம், பேங்க் பேலன்ஸ், மாமனார் வீட்டு வசதி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

சென்னையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆபீஸில் ஒரு நண்பர். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை ஒரு பெரிய ஏ.சி. கடையின் பையில்தான் கொண்டுவருவார். பை கிழிந்தால் செலோடேப் ஒட்டுவாரே தவிர, பையை மாற்ற மாட்டார். அந்தக் கடைக்கு அவர் போனது ஒரே ஒரு தடவை, வாங்கியது ஒரு டூத்பேஸ்ட் என்பது பிற்பாடு தெரிந்தது. மாதச் சாமான் முழுக்கத் தெருமுனை அண்ணாச்சி கடையில்தான். அதை மட்டும் இருட்டின பிறகு வாங்கி வருவார்.

சிரிக்காதீர்கள். நானும் அவர் கட்சிதான். எப்படி என்று சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் இனயம். கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மீனவ ஊர். 2016-ல் இங்கே பெரிய துறைமுகம் கட்ட மத்திய மந்திரிசபை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தபோது பேப்பரில் ஊர்ப் பேர் அடிபட்டது. கடற்கரை மக்கள் எதிர்த்தார்கள். துறைமுகம் வரவில்லை. கொஞ்ச நாளில், மேட்டுப்பக்கத்து டவுன் ஒன்றில், கண்ணாடிக் கதவு வைத்த சூப்பர் மார்க்கெட் வந்தது. அதை யாரும் எதிர்க்கவில்லை!

அதுவரைக்கும் எங்கள் தெருவில், "எங்கே வாங்குறீங்க?" என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லோருக்கும் ஒரே பலசரக்குக் கடை. கடைக்காரரை ஊரே 'மாமா' என்று கூப்பிடும். மாமாவிடம் நீளமாக ஒரு நோட்டு இருக்கும். வலையில் மீன் விழுந்தால் கையில் காசு. கடல் ஏமாற்றினால் நோட்டில் எழுத்து. எங்கள் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்த நோட்டின் புண்ணியத்தில்தான்.

அதற்காக மாமாவை மகாத்மா என்று சொல்ல மாட்டேன். ரொக்கத்துக்கு ஒரு அரிசி, பற்றுக்கு ஒரு அரிசி என்று இரண்டு மூட்டை வைத்திருப்பார். பற்று அரிசியில் கல் பொறுக்கியே எனக்கு எண்ணக் கற்றுக் கொடுத்தாள் அம்மா. துபாய் வீட்டுக்காரம்மா வந்தால் ஸ்டூல் எடுத்துப் போடுவார். மீன் விற்றுவிட்டு என் அம்மா வந்தால், "கொஞ்சம் தள்ளி நில்லு, வியாபாரம் நடக்கட்டு" என்பார். ஏற்றத்தாழ்வை ஏ.சி. கடைக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்தால் அது மாமாவுக்குச் செய்கிற துரோகம்.

பார்க்கப் போனால், சூப்பர் மார்க்கெட் என்ற யோசனையே சமத்துவமானதுதான். 1916-ல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்று ஒரு கடை திறந்தார். அதற்கு முன்பு அங்கேயும் நம்ம மாமா கடை மாதிரிதான். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் மனசு வைத்து எடுத்துத் தர வேண்டும். சாண்டர்ஸ், "நீங்களே உள்ளே போய், விலையைப் பார்த்து, எடுத்து வாங்க" என்று விட்டுவிட்டார். ஸ்டூலும் கிடையாது, 'தள்ளி நில்லு'வும் கிடையாது.

ஆனால் மனுஷன் கௌரவத்தை வீட்டில் வைத்துவிட்டா கடைக்குப் போவான்? 1937-ல் ஓக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் தள்ளுவண்டியைக் கண்டுபிடித்து வைத்தார். ஒருத்தரும் தொடவில்லை. கூடை தூக்க எனக்குத் தெம்பில்லையா என்று வாலிபர்களுக்கு ரோஷம். பார்த்தார் கோல்ட்மன். சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கடைக்குள்ளேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்னார். அதைப் பார்த்து எல்லோரும் தள்ள ஆரம்பித்தார்கள். கௌரவம் என்பது அவ்வளவுதான் சார். நாலு பேர் செய்தால் தொற்றிக்கொள்ளும்.

நம்ம சென்னைக்கு அது வந்த கதையும் சுவாரஸ்யமானது. 1996-ல் ராஜா அண்ணாமலைபுரத்தில் 'ஃபுட்வேர்ல்டு' திறந்தது. அடுத்த வருஷமே திருவான்மியூரில் 'சுபிக்‌ஷா' ஆரம்பித்தது. அதில் ஏ.சி. கிடையாது, அலங்காரம் கிடையாது. அந்தச் செலவை மிச்சம் பிடித்து விலையைக் குறைப்பதுதான் அவர்கள் கணக்கு. நாடு முழுக்க சுமார் 1,600 கடை வரை வளர்ந்து, 2009-ல் மூடிவிட்டார்கள். கடன் வாங்கிக் கிடுகிடுவென்று பரப்பியதில் ரொக்கம் தீர்ந்துபோய், சம்பளத்துக்கும் வாடகைக்கும் பணம் இல்லாமல் போயிற்று. கூட்டம் குறைவு என்பதல்ல சிக்கல், கைக்காசு இல்லாததுதான்.

பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன். எங்கள் மாமா கடையின் சிக்கலும் அதுவேதான். சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு, மீன் நன்றாகக் கிடைக்கிற மாதங்களில் ரொக்கமெல்லாம் கண்ணாடிக் கதவுக்குள் போயிற்று. தடைக்காலம் வந்ததும் பற்று மட்டும் மாமாவைத் தேடி வந்தது. ஏ.சி. கடையில் பத்துப் பைசா கடன் சொல்ல முடியுமா? ரொக்கம் ஒரு கடைக்கு, கடன் ஒரு கடைக்கு என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டாவது கடை எத்தனை நாள் நிற்கும்?

அந்த நோட்டின் அருமை எனக்குத் தெரிந்தது 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபோது. குமரிக் கடற்கரையிலிருந்து கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. டிசம்பர் முழுக்க எங்கள் தெருவில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. அப்பாவும் போகவில்லை. மாமா நோட்டை எடுத்தார். யாரையும் 'எப்போ தருவே?' என்று கேட்கவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த அரிசியில் அம்மா கல் பொறுக்கவில்லை. பற்றுக்கு அவர் போட்டது ரொக்கத்து அரிசி.

அதெல்லாம் தெரிந்தும், அடுத்த வருஷம் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

லீவில் ஊருக்கு வந்திருந்தேன். சென்னை நண்பர் ஒருவர் குடும்பத்தோடு திற்பரப்பு அருவி பார்க்க வருகிறார், நம்ம வீட்டில் ஒருநாள் தங்குகிறார். அவருக்கு மாமா கடை பிஸ்கட்டா கொடுப்பது? டவுன் சூப்பர் மார்க்கெட்டுக்கு பைக்கில் போனேன். அந்தப் பக்கம்தான் அம்மா மீன் விற்கப் போயிருந்தாள். "வேலை முடிஞ்சதும் அங்கேயே வந்துடு, சேர்ந்து போயிடலாம்" என்று சொல்லியிருந்தேன்.

அம்மா வந்தாள். கையில் கட்டைப் பை. பைக்குள் காலி அலுமினியச் சட்டி. வாசலில் காவலாளி மறித்தார். எல்லோர் பையையும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கிறவர், அம்மாவின் பையைத் தொடவில்லை. "பாட்டியம்மா, நாத்தம் அடிக்குது. இதோட உள்ள வரப்படாது. வெளியில போய் நில்லுங்க" என்றார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டு போனாள்.

நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை. கையில் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி.

'அது என் அம்மா' என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். பி.காம். பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு ஊன்றிப் படித்ததில்லை. படித்து முடித்து நிமிர்ந்தபோது அம்மா வெளியே வெயிலில், என் பைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பெரிய ஐஸ் பெட்டி. உள்ளே துண்டு போட்டு, மசாலா தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மீன். எங்கள் கடல் மீனாகவும் இருக்கலாம். மீனுக்கு ஏ.சி., மீன்காரிக்கு வெயில்!

போகும்போது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் போயிற்று. 2021 டிசம்பரில் டி.வி.யில் ஒரு செய்தி. குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசு பஸ்ஸில் ஏறிய வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். அந்த அம்மா பஸ் நிலையத்தில் நின்று உரக்க நியாயம் கேட்டார். முதலமைச்சர் கண்டித்தார், பஸ் ஊழியர்களை சஸ்பெண்ட் செய்தார்கள்.

"அநியாயம்! என்ன மனுஷங்க இவங்க!" என்று நான் டி.வி.யைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"அன்னைக்கு அந்தக் கடையில, அந்தப் பெட்டியில என்ன மக்களே எழுதியிருந்துது? அவ்வளவு நேரம் படிச்சியே."

என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "செரி, போட்டு" என்றாள். அந்த 'போட்டு' இருக்கிறதே, அதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவை அதே கடைக்குக் கூட்டிப் போனேன். அதே கட்டைப் பை, முந்தின நாள் மீன் கொண்டுபோன சட்டியோடு. இந்தத் தடவை பையை நான் தூக்கிக்கொண்டேன். யார் மறித்தாலும் சொல்வதற்கு மூன்று வருஷமாகச் சொல்லாத மூன்று வார்த்தையையும் தயாராக வைத்திருந்தேன்.

காவலாளி கதவைத் திறந்தார். பையைக் கையில் வாங்கினார். மூக்கு சுளிக்கவில்லை. "டோக்கன் வச்சுக்குங்க சார்" என்றார்.

தயாராக வைத்திருந்த வார்த்தைகள் தொண்டையிலேயே நின்றன. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சட்டை நல்ல சட்டைதான் மக்களே" என்றாள்.

பிஸ்கட் இப்போது மாமா கடையில்தான் வாங்குகிறேன். ரொக்கத்துக்கு.