அமானிதம் காத்த மாளிகை

காஹிரா மாநகரில் இப்னு தூலூன் பள்ளிவாசலில் தொழுது வெளிவந்த நான், அதன் மதிலை ஒட்டி நின்ற மாளிகையைக் கண்டு நின்றுவிட்டேன். 1540-லும் 1632-லும் எழுந்த இரு குடும்ப இல்லங்கள் அவை. மேலே ஒரு பாலம் இரண்டையும் இணைக்கின்றது. படை மருத்துவராய் எகிப்து வந்த கேயர் ஆண்டர்சன் என்பார், 1935-இல் அரசின் இசைவு பெற்று அங்கே குடியேறினார். திமிஷ்கின் சித்திர மரச்சுவர்களையும், பாரசீக, துருக்கிய மரச்சாமான்களையும் தேடித்தேடிச் சேர்த்தார். 1942-இல் நாடு திரும்புகையில் அனைத்தையும் எகிப்து அரசிடமே ஒப்படைத்தார். இன்று அஃது அருங்காட்சியகம்.

ஒரு மருத்துவர் அவ்விடத்தில் வாழ்ந்தது பொருத்தமே. அப்பள்ளிவாசலின் பின்புறம் மருந்தகம் ஒன்று இருந்ததையும், ஜும்ஆ நாளில் மருத்துவர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்ததையும் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ குறித்துள்ளார். கி.பி. 870-களில் அஹ்மத் இப்னு தூலூன் நிறுவிய மருத்துவமனையில், நோயாளியின் உடையும் பணமும் அமானிதமாக வாங்கி வைக்கப்பெற்றன. ஒரு கோழியும் ஒரு ரொட்டியும் உண்ணும் வலிமை வந்ததும் அவை திருப்பித் தரப்பெற்றன.

அமானிதம் என்னும் அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது.

என் பாட்டனார் யூனானி ஹகீம். ஏழையரிடம் கூலி கேளாதவர். அவருடைய தேக்கு மரப் பேழையில் சிற்றறைகள் பல. ஒவ்வொன்றிலும் மருந்தின் பெயர் அரபெழுத்தில் இருக்கும். வாப்பா அதனை என் பொறுப்பில் விட்டுச் சென்றார். வீட்டுக் கூரையைச் செப்பனிடப் பணம் வேண்டியிருந்த ஒரு மழைக்காலத்தில், பழஞ்சாமான் வாங்குவோரிடம் அதனை விற்றவன் நான். அந்நியர் ஒருவர் தமக்குரியதல்லாத இல்லத்தைப் பேணினார். எனக்குரியதை நான் பேணவில்லை.

பேழை போயிற்று, பாட்டனாரின் அரபுத்தமிழ் மருந்தேடு மட்டும் எஞ்சியுள்ளது. அதனை வாசிக்க வல்லோர் எங்கள் ஊரில் இன்று மிகச் சிலரே. ஊர் திரும்பியது முதல், அஸருக்குப் பின் மாணவர் இருவரை அருகிருத்தி, நாளொரு பக்கமாகத் தமிழெழுத்தில் பெயர்த்து வருகின்றேன். மருந்தின் அளவுகள் குறித்த இடங்கள் சிலவற்றைக் கரையான் தின்றிருக்கின்றது. “உஸ்தாத், இங்கே என்ன எழுதுவது?” என்று மாணவர் வினவுவர்.

“வெற்றிடமாக விடு” என்பேன். என் ஊகத்தை அங்கே இட்டு நிரப்ப எனக்கு உரிமையில்லை, அதுவும் அமானிதமே.