இனிப்பு மணமும் கோரைக்கிழங்கும்

மணப் பொருள் பூசிக்கொள்வது தமிழருக்குப் புதிதன்று. சந்தனம், அகில், புனுகு, சவ்வாது என்று பட்டியல் நீளும். ஆனால் தின்பண்டத்தின் மணத்தை உடம்பில் பூசிக்கொள்வது அண்மைக்கால வழக்கம். ரோஜாவும் மல்லிகையும் இருந்த அத்தர்ப் புட்டிகளின் வரிசையில் இப்போது பால்கோவாவும் பஞ்சுமிட்டாயும் இடம் பிடித்துவிட்டன. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த என் மாமா அத்தகைய புட்டி ஒன்றைக் கொடுத்தார். மூன்று மில்லி எண்ணெய். வாயில் ஒரு சிறு உருளை. மணிக்கட்டில் ஒரு முறை உருட்டினால் போதும்.

வேதியியல் படிக்கிறவள் ஆதலால் கடிகாரம் பார்த்துக் கவனித்தேன். காலை எட்டு மணிக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் விருத்தாசலம் பேருந்து ஏறும்போது ஆரஞ்சு மிட்டாய் மணம். கல்லூரி வாயிலில் இறங்கும்போது அது போய்ப் பஞ்சுமிட்டாய் வந்திருந்தது. மதிய உணவுக்குப் பின் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரிந்தது, வெனிலாவும் அதனடியில் சிறிது சந்தனமும். காரணம் எளியது. ஆரஞ்சு மணம் தரும் லிமோனீன் லேசானது, முதலில் பறந்துவிடும். பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்டாலும், வெனிலா மணம் தரும் வெனிலினும் மெதுவாகவே ஆவியாகின்றன. ஆல்கஹால் கலந்த சென்ட் விரைவில் ஆவியாகி மணத்தை அறை முழுதும் பரப்பும். எண்ணெயோ தோலோடு தங்கி, உடற்சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மணத்தை விடும். ஆகவே அது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே உரிய மணம்.

இத்தனை இருந்தும் அந்த எண்ணெய் என் தோலில் திகட்டியது. சர்க்கரைப் பாகை மட்டும் குடித்தாற்போல் இருந்தது. ஏன் என்று எண்ணியபோது எங்கள் ஊர்ப் பிரசாதம் நினைவுக்கு வந்தது.

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளுக்குப் படைப்பது கோரைக்கிழங்கு உருண்டை. பன்றி மண்ணைக் கிளறித் தின்னும் கிழங்கல்லவா? வராக மூர்த்திக்கு அதுவே நைவேத்தியமாயிற்று. கோரைக்கிழங்கைத் தனியே கடித்தால் கசப்பும் காரமும் மண்வாசனையும்தான். அதைப் பொடித்துச் சர்க்கரையும் நெய்யும் சேர்த்து உருட்டினால், வாயில் இட்ட பிறகும் நெடுநேரம் மணக்கும். இதே கிழங்கைக் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவற்றோடு அரைத்துக் குளியல் பொடியாகவும் பூசுகிறோம். வடநாட்டில் இதன் இனத்தை நாகர்மோதா என்பர். அதன் எண்ணெய் அத்தருக்குச் சேர்கிறது. உண்ணும் இனிப்பும் பூசும் மணமும் ஒரே கிழங்கில் கூடிய ஊர் எங்களுடையது!

பிரான்சிலும் இந்த உண்மையைக் கண்டிருக்கிறார்கள். 1992இல் வெளிவந்த ‘ஏஞ்சல்’ என்ற வாசனைத் திரவியமே தின்பண்ட மணங்களுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. அதில் எத்தில் மால்டாலோடு பச்சோலி இலையின் எண்ணெயைச் சேர்த்தார்கள். பச்சோலி ஈரமண் நெடி உடையது. இனிப்புக்கு அடியில் கொஞ்சம் மண் வேண்டும் போலும்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் முந்திரிக்கொட்டை உடைப்பவர். வறுத்த கொட்டையின் ஓட்டு எண்ணெய் தோலைப் பொத்துவிடும். கைக்குச் சாம்பல் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். விரல்கள் கறுத்து, புகை வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. திருமண வீடுகளில் அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவார். ஆவணியில் ஓர் உறவினர் திருமணத்துக்குப் புறப்படும்போது புட்டியை எடுத்தேன்.

“எனக்கெதுக்குடி? ஈ மொய்க்கவா?” என்றார். இருந்தாலும் கையை நீட்டினார்.

பந்திக்குக் காத்திருக்கையில் பக்கத்திலிருந்த அத்தை, “என்ன அண்ணி, முந்திரி கேக்கு கிண்டுறாங்களா? வாசனை இங்க வரைக்கும் வருதே!” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து அத்தையின் மூக்கருகே நீட்டினார். அதன் பிறகு அந்தக் கை மடிமேல், எல்லாரும் பார்க்கும்படியே இருந்தது.

இதில் அதிசயம் இல்லை. 1874இல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இருவர் பைன் மரத்திலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டே வெனிலினை ஆய்வகத்தில் உருவாக்கினர். மரத்திலுள்ள லிக்னின் எரியும்போது அந்தப் புகையிலும் சிறிது வெனிலின் பிறக்கிறது. அடுப்புப் புகையும் வெனிலாவும் தூரத்து உறவு. அம்மாவின் தோலில் அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன, அவ்வளவே.

மணப்பொருள் வாங்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். கடையில் காகிதத் துண்டை முகர்ந்து முடிவு செய்ய வேண்டாம். தோலில் இட்டு அரைநாள் பொறுங்கள். பூசியவரின் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடுமாதலால், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். மாமா தந்த புட்டியில் பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. என் கையில் அது வெறும் மிட்டாய். அம்மாவின் கையில்தான் அது பலகாரம்.