இரண்டு நண்பர்கள், இரண்டு சோர்வு

பிள்ளையார்பாளையத்தில் எனக்கு இரண்டு நெசவாள நண்பர்கள். ஒருவருக்கு மனைவி போனபின் தறியில் உட்காரவே மனமில்லை. கோர்வைப் புடவைக்குக் கரை நாடா தள்ளிக் கொடுத்தவர் அந்த அம்மாள்தான். யாராவது போய்ப் பேசிக்கொண்டிருந்தால் கொஞ்சம் தெளிவார்.

மற்றவருக்குக் கண் மங்கிப் பாவு இழை தெரியவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தும், "இனி நான் எதற்கு சார்?" என்று ஒதுங்கிவிட்டார். தினமும் போய் ஆறுதல் சொன்னேன், இன்னும் சுருங்கினார்.

உறவே உயிராக வாழ்பவர் பிரிவில் உடைவார், தன் திறமையை நம்பி வாழ்பவர் அது கைவிடும்போது உடைவார் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1983இல் பிரித்துக் காட்டியதைப் பிறகுதான் படித்தேன்.

ஆறுதலை நிறுத்தினேன். மருத்துவரிடம் அழைத்துப் போனோம். "பேரனுக்குக் கோர்வை சொல்லிக் கொடுங்களேன்" என்றேன். போன வாரம் அவர் பையனைத் திட்டும் சத்தம் தெருவரை கேட்டது. எனக்கு நிம்மதி.