காற்று கல்லாகும் மேடு

ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரைத் தாண்டிக் கிழக்கே அரை மணி நேரம் போனால் ஹெட்லிஸ்ஹெய்தி. மரமே இல்லாத மேடு. பாசி போர்த்திய எரிமலைப் பாறைகள், அவற்றுக்கிடையே நீண்டு கிடக்கும் குழாய்கள், அங்கங்கே தரையைப் பிளந்து எழும் வெள்ளை ஆவி. பேருந்தை விட்டு இறங்கும்போதே கந்தக நெடி.

பூமிச் சூட்டில் 303 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் இது. எரிபொருள் எதுவும் எரிவதில்லை. ஆனாலும் ஆழத்து ஆவியோடு கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் ஏறி வந்துவிடுகிறது. அந்தக் கொஞ்சத்தையும் விட்டுவைக்க மனமில்லாதவர்கள் 2007இல் ஒன்றுசேர்ந்தார்கள்: ஐஸ்லாந்து பல்கலைக்கழகம், கொலம்பியா பல்கலைக்கழகம், பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள், ரேக்யவிக்கின் மின்நிறுவனம். புவி சூடேறுவதை 1975லேயே எழுதி எச்சரித்த வாலஸ் ப்ரோக்கரும் அவர்களில் ஒருவர். திட்டத்தின் பெயர் கார்ப்ஃபிக்ஸ்.

செய்முறையைக் கேட்டதும் இவ்வளவுதானா என்று தோன்றியது. வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் சோடா. அந்த சோடாவை 400 மீட்டருக்கும் கீழே, பசால்ட் பாறைக்குள் செலுத்துகிறார்கள். புளித்த நீர் பாறையை அரிக்கிறது. பாறையிலிருந்து கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் கரைகின்றன. அவை கார்பனோடு சேர்ந்து கல்லாக உறைகின்றன.

எவ்வளவு காலத்தில்? நூற்றாண்டுகள் ஆகும் என்பதுதான் அப்போது பரவலான கணிப்பு. 2012இல் 175 டன் வாயுவைக் கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்டு இறக்கினார்கள். பிறகு பக்கத்துக் கிணறுகளில் நீர் இறைத்து, இறைத்துச் சோதித்தார்கள். வரவேண்டிய அடையாளம் வரவில்லை. கிணற்றிலிருந்து தூக்கிய பம்பில் கால்சைட் படிந்திருந்தது! 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டுக்குள் கல்லாகிவிட்டது என்று 2016இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். துளைபோட்டு எடுத்த கறுப்புப் பாறைத் துண்டு. அதன் பொத்தல்களில் வெள்ளைப் பொடிக்கற்கள். புகையாகத் திரிந்திருக்க வேண்டியது விரலுக்கடியில் சொரசொரவென்று கிடந்தது. வெகுநேரம் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

வெளியே, 2021இல் தொடங்கிய ஓர்க்கா. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய நிறுவனத்தின் ஆலை. திறந்த வெளிக் காற்றிலிருந்தே கார்பனைப் பிடித்து இந்தக் கிணறுகளுக்குத் தருகிறது. ஆண்டுக்கு 4000 டன் என்பது அதன் வடிவமைப்பு அளவு. உலகம் வெளியிடுவதோ ஆண்டுக்கு 3500 கோடி டன்னுக்கும் மேல். ஆகவே எரிப்பதைக் குறைக்காமல் இதை நம்பி உட்காருவது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் குறைக்கக் கடினமான சிமென்ட், எஃகுப் புகைக்கு இது ஒரு வழி. இதற்கு வேண்டிய பாறை நம்மிடமும் உண்டு: அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தெடுத்த தக்காணத்துப் பாறையும் பசால்ட்தான்.

ஒரு டன் வாயுவுக்கு ஏறத்தாழ 25 டன் தண்ணீர் வேண்டும் என்பதுதான் பெரிய சிக்கல். அதனால் ஐஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வகத்தில் கடல்நீரைக் கொண்டும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதிலும் கார்பன் கல்லாகிறது.