எட்டு என்ற விடை

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் தெருக்களுள் ஒன்றில் நம் வீடு. கொட்டிவாக்கத்திற்கும் நீலாங்கரைக்கும் இடையிலுள்ள பாலவாக்கம் 2011-ஆம் ஆண்டிலேயே மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆயினும் மாலையில் திண்ணையில் அமர்ந்தால் இன்னமும் ஊர்க்காற்றுதான் வீசுகிறது. முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற நமக்கு, சும்மா இருக்கும் வித்தை கைவரவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணிதத்தோடு வேதியியலையும் சொல்லித் தரத் துணிந்தோம். கணக்குத் தெரிந்தவனுக்கு வேதியியல் கணக்கு எம்மாத்திரம் என்ற செருக்கு அதற்குள் இருந்ததை மறைப்பதற்கில்லை.

வந்தவர்களுள் மீனவர் குப்பத்துப் பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு. குறைவாகப் பேசுவாள், பேசினால் திணறடிப்பாள். அன்று அயனிச் சமநிலைப் பாடம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீரை விட்டுக்கொண்டே போய், லிட்டருக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு மோல் என்னும் அளவுக்கு நீர்க்கச் செய்தால் அதன் பி.எச். மதிப்பு என்ன? மடக்கைச் சூத்திரத்தில் எண்ணைப் போட்டோம். எட்டு வந்தது. பலகையில் எழுதி அடிக்கோடிட்டோம்.

“சார், ஏழுக்கு மேல போனா காரம்னு நீங்கதானே சொன்னீங்க? ஆசிட்ல தண்ணி ஊத்திக்கினே இருந்தா காரமா ஆயிடுமா?”

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். “சூத்திரத்தை எழுதும்மா, அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்” என்றோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

அவள் கேள்வி மட்டும் திண்ணையை விட்டுப் போகவில்லை. புளித்த மோரில் எவ்வளவு நீர் விட்டாலும் அது சுண்ணாம்புத் தண்ணீர் ஆகாது என்று அடுப்படியில் இருப்பவர்கள் அறிவார்கள். பின் சூத்திரம் ஏன் பொய் சொன்னது? பாடநூலை முதல் பக்கத்திலிருந்து, மாணவனைப் போலப் படித்தோம்.

பி.எச். என்ற அளவையை 1909-இல் வகுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன். அவர் பணியாற்றிய கோபன்ஹேகன் ஆய்வுக்கூடம் கார்ல்ஸ்பர்க் என்னும் பீர் வடிப்பாலையைச் சேர்ந்தது. (நல்ல காரியங்கள் எங்கெங்கிருந்தெல்லாமோ பிறக்கின்றன!) ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு கோடியில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று எழுதிச் சலிக்கும் எண்ணாக இருப்பதால், அதன் சுழியங்களை மட்டும் எண்ணிச் சொல்லும் வழி அது. நம் கோடிக்கு ஏழு சுழியங்கள். 25 பாகை செல்சியசில் தூய நீரின் ஒரு லிட்டரில் கோடியில் ஒரு பங்கு மோல் ஹைட்ரஜன் அயனிகள் உள்ளன, ஆகவே ஏழு. அந்த ஏழில் மந்திரம் ஒன்றும் இல்லை. நீர் சூடேறினால் நடுநிலை என்பதே ஏழுக்குக் கீழே இறங்கிவிடும்.

நாம் தவறவிட்ட இடம் இதுதான். நீர் என்பது அமிலம் வந்து கரைவதற்காகக் காத்திருக்கும் வெறும் பாத்திரம் அன்று. அதன் மூலக்கூறுகள் ஓயாமல் பிரிந்தும் கூடியும் கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ ஐம்பத்தைந்து கோடி மூலக்கூறுகளில் ஒன்று எந்த நொடியிலும் பிரிந்த நிலையில் இருக்கும். பிரிவதன் வேகமும் கூடுவதன் வேகமும் ஒன்றாக இருப்பதால் வெளியே அசைவு தெரிவதில்லை. அதையே சமநிலை என்கிறோம். நாமோ அசைவற்றிருப்பதே சமநிலை என்று நினைத்திருந்தோம். நீர் தானாகத் தரும் அயனிகள் கோடியில் ஒன்று. அமிலம் கொண்டுவந்ததோ பத்துக் கோடியில் ஒன்று. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதை மட்டும் எண்ணியிருக்கிறோம்! அமிலம் நுழைந்ததும் நீர் தன் பிரிகையைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 6.98 வருகிறது. ஏழை நெருங்கலாம், தாண்ட முடியாது. நம் தொழிலே சமன்பாடு தீர்ப்பது. எதைச் சமன் செய்வது என்று கேட்டதோ அந்தப் பிள்ளை.

அன்றிரவு வேறொரு எண்ணும் நினைவுக்கு வந்தது. அதனை எழுதக் கை தயங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்னைக்குக் காய்ச்சல் கண்டது. நெடுநாளைய நீரிழிவு. இரண்டு நாள்களாகக் கஞ்சியும் இறங்காததால், சாப்பிடாதவருக்கு இன்சுலின் ஊசி எதற்கு என்று நாமே நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் அவர் ஆழ ஆழ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அயர்ந்து தூங்குகிறார் என்று விசிறிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துப் பதறிய பின்பே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தின் பி.எச். 7.1 என்றது அறிக்கை. இருக்க வேண்டியது 7.4. பத்தில் மூன்று பங்குதானே குறைவு, நூற்றுக்கு ஐந்து கூட முழுதாக இல்லையே என்று உடன் வந்தவர்களுக்குத் தைரியம் சொன்னோம்.

இரண்டின் மடக்கை 0.3010. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய எண் அது. 7.4-இலிருந்து 0.3 இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் இரு மடங்கு ஆகிவிட்டன என்று பொருள். அப்போது நமக்கு அது தோன்றவே இல்லை. இன்சுலின் இல்லாமையால் உடல் கொழுப்பை எரித்தது. அதில் பிறந்த அமிலங்களை இரத்தத்தின் பைகார்பனேட் தன் மேல் ஏற்றுக்கொண்டு கார்பானிக் அமிலமாகி, அது நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்தது. அந்த வாயுவை வெளியேற்றினால்தான் வினை மேலும் அந்தத் திசையில் நகரும். அன்னையின் ஆழ்ந்த மூச்சு அதற்காகத்தான். அமிலத்தை மூச்சுமூச்சாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தவரை, நாம் தூங்குகிறார் என்று எண்ணினோம். மருத்துவர்கள் உப்பு நீரும் இன்சுலினும் செலுத்தினார்கள், பிழைத்தார். நாமே ஊசியை நிறுத்தியதை அவரிடம் நாம் ஒருநாளும் சொன்னதில்லை.

இதோ தெருமுனையில் கடல். அதிலும் இதே வினைதான். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த உலகக் கடல்களின் மேற்பரப்பு மதிப்பு இப்போது 8.1 அளவில் உள்ளது. காற்றில் கூடிய கரியமில வாயுவே காரணம். கடல் காரமாகவேதான் இருக்கிறது. ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழக் கால் பங்கு கூடிவிட்டன. கிளிஞ்சல்களும் பவளங்களும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அந்த அளவுக்குக் குறைகிறது. பத்தில் ஒன்றுதானே என்று யாரேனும் சொன்னால் இப்போதெல்லாம் நமக்குச் சுருக்கென்கிறது.

நான்காம் நாள் மாலை குப்பத்துக்கு நடந்தோம். அவள் அம்மா வாசலில் மீன்கூடையை அலம்பிக்கொண்டிருந்தார். “வா சார், உக்காரு” என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள்.

“நீ கேட்டதுதாம்மா சரி. எட்டு தப்பு. 6.98” என்றோம்.

அவள் சிரிக்கவில்லை. “தண்ணியோடத கூட்டல, இல்ல சார்?” என்றாள். தானே கண்டுபிடித்திருந்தாள்! அப்படியானால் ஏன் வரவில்லை என்று நாம் கேட்கவில்லை. அதற்கு விடை நமக்கே தெரியும்.

மறு வாரம் திண்ணையில் சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுச் செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்தோம். ஒரு தம்ளரில் பிடித்துவைத்த மழைநீர், இன்னொன்றில் கிணற்று நீர். எலுமிச்சைச் சாறு ஒரு துளி விழுந்ததும் மழைநீர் செவ்வண்ணம் கொண்டது. கிணற்று நீரோ பல துளிகள் வரை அசையவில்லை. கிளிஞ்சலும் மணலும் கலந்த நிலத்தில் ஊறிய நீரல்லவா. அதில் பைகார்பனேட் இருக்கிறது. தாங்கல் கரைசல் என்று புத்தகம் சொல்வது இதைத்தான் என்றோம். அம்மாவின் இரத்தத்தையும் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தோம். பிறகு சொன்னோம், ஊசியை நிறுத்தியது உட்பட. பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள்.

அவள் ஆரத்திக்குக் கரைப்பது போல் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தாள், சிவந்தது. எலுமிச்சையைப் பிழிந்தாள், மஞ்சளாகத் திரும்பியது. மறுபடி சுண்ணாம்பு, மறுபடி சிவப்பு. “எத்தினி தடவ சார் இது திரும்பும்?” என்று கேட்டுவிட்டு, நம் விடைக்குக் காத்திராமல் அடுத்த எலுமிச்சம்பழத்தை நறுக்கத் தொடங்கினாள்.