முன் வாங்கும் மூக்குக் கண்ணாடியும்

நமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, எதனை எழுதுவது என்று சில நாட்கள் திகைத்தோம். கல்லூரியின் வரலாற்றை எழுத வல்லார் பலர் உளர். அதிபர்களின் அருந்தொண்டினை எடுத்தியம்புவாரும் உளர். எமக்கோ கல்லூரி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கரும்பலகை. அதுவும் எழுத்துத் தெரியாத கரும்பலகை. ஆகவே கண்ணைப் பற்றியே எழுதத் துணிந்தோம். கண்ணாடி அணிந்த இளைஞர் பலர் லேசர்ச் சிகிச்சைகளுள் எது நல்லது என எம்மிடம் வினவுவதுண்டு. அவர்களுக்கும் இஃது ஒருவாறு பயன்படக்கூடும்.

1995ஆம் ஆண்டு தை மாதத்தில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோம். உயரம் காரணமாகப் பின் வாங்கு எமக்குக் கிடைத்தது. கரும்பலகையில் எழுதப்பட்ட 3, 8 ஆகிய இரண்டு இலக்கங்களும் எம் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றின. அயலில் இருந்தவரின் கொப்பியைப் பார்த்தெழுதியே ஒரு தவணையை ஓட்டினோம். இதனைக் கண்டுபிடித்தவர் எமது கணித ஆசிரியர். அவர் ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை. எம்மை எழுப்பி முன் வாங்கில் இருத்தினார். அன்று மாலையே சைக்கிளில் வீட்டுக்கு வந்து, “பிள்ளைக்குக் கணக்கு வராமலில்லை, கண்தான் தெரியவில்லை” என்று தந்தையாரிடம் கூறினார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் மூக்குக் கண்ணாடி பெறுதல் எளிய காரியமன்று. பல வாரங்கள் காத்திருந்தே பெற்றோம். முன் வாங்கில் ஏற்கெனவே கண்ணாடி அணிந்தோர் இருவர் இருந்தனர், எம்மோடு மூவராயினோம். வகுப்பார் அதற்குக் ‘கண்ணாடி வாங்கு’ எனப் பெயரிட்டனர். கணித ஆசிரியர் எம் மூவருக்கும் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு. “கழித்தற் கணக்கிலே எடுத்ததைப் பார்த்து மகிழாதே, மிஞ்சியதைப் பார்.” அவ்வார்த்தை இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னர் எமது கண்ணையே காக்கப்போகின்றது என்பதை அன்று யார் அறிவார்!

அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்ததை இம்மலரைப் படிப்போர் பலர் மறந்திரார். நாவற்குழி நோக்கிய வீதியில், நெருக்கத்திலும் மழையிலும், எவரோ ஒருவரின் முழங்கை பட்டு எமது கண்ணாடி கீழே வீழ்ந்தது. குனிந்து தேடுதற்கு இடமில்லை. பின்னால் வந்தோரின் காலடியில் அது நொறுங்கும் ஓசையை மாத்திரம் கேட்டோம். “தம்பி, என்ரை சேட்டை விட்டிடாதை” என்றார் தந்தையார். விடிய விடிய அச்சட்டையின் நுனியைப் பற்றிக்கொண்டே தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த ஆண்டு ஊர் திரும்பி மீண்டும் கண்ணாடி பெறும்வரை உலகம் எமக்குப் புகைபடிந்ததாகவே இருந்தது. கண்ணாடி இன்றி வாழவேண்டும் என்னும் ஆசை அந்த வீதியிலேதான் எம்முள் முளைத்தது. அழகுக்காக விரும்புவாரும் உளர். எமக்கு அது அச்சத்தினால் வந்த விருப்பம்.

உத்தியோகம் பெற்றுச் சிறிது பணமும் சேர்ந்தபின், 2018இல், எமது முப்பத்து நான்காம் வயதில் அவ்வாசையை நிறைவேற்ற முற்பட்டோம். கண்ணாடி வாங்கின் ஏனைய இருவரும் எமக்கு முந்திவிட்டனர். கொழும்பில் கணக்காளராயிருக்கும் நண்பர் 2012இல் ‘லாசிக்’ என்னும் முறையைக் கைக்கொண்டார். இலண்டனில் வாழும் நண்பர் 2017இல் ‘ஸ்மைல்’ என்னும் முறையை மேற்கொண்டார். “லாசிக்கே சிறந்தது” என்றார் முன்னவர். “அது பழையது, ஸ்மைலே புதியது” என்றார் பின்னவர். வாங்கிலே இருந்து வாதாடியது போலவே இருவரும் தொலைபேசியில் வாதாடினர். நாம் நடுவே திகைத்தோம்.

இம்முறைகளை விளங்கிக்கொள்ளக் கண்ணின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். கண்ணின் முகப்பிலே பளிங்கு போல் அமைந்தது விழிவெண்படலம். ஒளியைக் குவிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதற்கே உரியது. இதன் நடுக் கனம் சராசரியாக 540 மைக்ரோன். அஃதாவது அரை மில்லிமீற்றருக்குச் சற்றே கூட. குறும்பார்வை உடையாருக்கு ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். படலத்தின் நடுவைச் சிறிது தட்டையாக்கினால் குவியம் பின்சென்று விழித்திரையிற் சேரும். எல்லா லேசர் முறைகளின் நோக்கமும் இதுவே. ஆயின் தட்டையாக்குவதென்பது எடுத்துவிடுவது. எடுத்தது மீள வளராது.

இதற்கு வழிகாட்டிய அறிஞருள் ஒருவர் சென்னையிற் பிறந்து, அந்நகர்ப் பல்கலைக்கழகத்திற் கற்ற ரங்கசுவாமி சீனிவாசன் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதொன்று. அவர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றியபோது, 1981ஆம் ஆண்டு நவம்பரில், நன்றியறிதற் பண்டிகை விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டைக் கொணர்ந்து அதன்மீது எக்சைமர் லேசரைப் பாய்ச்சினார். 193 நனோமீற்றர் அலைநீளமுடைய அக்கதிர், அயலிலுள்ள இழையத்தைக் கருக்காமல், பட்ட இடத்தை மாத்திரம் செப்பமாக அகற்றியது. 1983இல் ஸ்டீவன் ட்ரோக்கல் என்னும் கண் வைத்தியரும் அவரும் சேர்ந்து, இக்கதிர் விழிவெண்படலத்துக்கும் ஏற்றது எனக் காட்டினர். ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய கால் மைக்ரோன் அளவே அகற்றும் நுண்மை வேறெந்தக் கத்திக்கு உண்டு?

இனி முறைகள் மூன்றையும் காண்போம். காலத்தால் முந்தியது பி.ஆர்.கே. படலத்தின் மேற்றோலை, ஏறக்குறைய 50 மைக்ரோன் கனமுள்ளதை, நீக்கிவிட்டு நேரே லேசரைப் பாய்ச்சுவர். அத்தோல் சில நாட்களில் தானே வளரும். அதுவரை வலியுண்டு, பார்வை தெளியச் சில வாரங்கள் செல்லும். அடுத்து வந்தது லாசிக். 100 முதல் 120 மைக்ரோன் கனத்தில் ஒரு மூடியை வெட்டி, புத்தகத்தின் தாளைப் போலத் திருப்பி, உள்ளே லேசரைப் பாய்ச்சி மீண்டும் மூடுவர். வலி குறைவு, மறுநாளே பார்வை வரும். ஆனால் அம்மூடி ஒருபோதும் முன்னைய வலிமையோடு ஒட்டுவதில்லை. வட்டமாய் வெட்டும்போது நுண்ணிய நரம்புகளும் அறுபடுவதாற் கண் வரட்சியும் மிகும். எமது கணக்காளர் நண்பர் மறுநாட் காலையிலேயே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மகிழ்ந்தவர். ஆயினும் பல மாதம் சொட்டுமருந்துக் குப்பியைச் சட்டைப் பையிற் கொண்டு திரிந்தார். மூன்றாவது ஸ்மைல். மூடி வெட்டாமல், படலத்தினுள்ளேயே பெம்டோசெக்கண்ட் லேசரால் மெல்லிய வில்லையொன்றை வகுத்து, 2 முதல் 4 மில்லிமீற்றர் நீளமுள்ள சிறு வெட்டின் வழியே உருவி எடுப்பர். கழன்றுவிடத்தக்க மூடி இல்லாமையின் உதைபந்தாட்டக்காரரான இலண்டன் நண்பருக்கு அது பொருத்தமாயிற்று. எனினும் ஸ்மைல் பெரும்பாலும் குறும்பார்வைக்கே உரியது. பின்னர் சிறு குறை எஞ்சினால் அதே முறையால் மீண்டும் திருத்துதல் எளிதன்று.

இவ்வளவும் அறிந்தபின் கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம். வரவேற்பு மேசையிலே மூன்று முறைகளும் மூன்று விலையோடு அச்சிட்ட தாள் ஒன்றைத் தந்தனர். புடைவைக் கடையில் விலைப்பட்டியலைப் பார்ப்பதுபோல் இருந்தது. முதல்நாள் வரை தொடுவில்லை அணிந்திருந்தோம் என்று சொல்லியும் அன்றே கண்ணை அளந்தனர். “லாசிக் செய்யலாம், அளவு போதும், வியாழக்கிழமை வாருங்கள்” என்றனர். எவ்வளவு எடுப்பர், எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டோம். “அதெல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்” என்பதே விடை. அவ்வேளையில் எம் காதில் ஒலித்தது கணித ஆசிரியரின் குரல். முற்பணம் கட்டாமல் வெளியேறினோம்.

பின்னர் வேறொரு கண் வைத்திய நிபுணரிடம் சென்றோம். அவர் வயது முதிர்ந்த ஓர் அம்மையார். தொடுவில்லை படலத்தின் வடிவத்தையே மாற்றவல்லது என்று கூறி, அதனைக் கழற்றி இரண்டு வாரம் கழித்து வரும்படி திருப்பியனுப்பினார். மீண்டும் சென்றபோது படலத்தின் வளைவையும் கனத்தையும் படமெடுத்தார். கண்ணீரின் அளவையும், இருளில் மணி விரியும் அளவையும் பார்த்தார். பின் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து எம்முன் வைத்து, ஒரு கணக்கு எழுதினார்.

“தம்பி, உமது படலத்தின் கனம் 490 மைக்ரோன், சராசரியிலும் குறைவு. குறை 6 டயொப்டர். டயொப்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 14 மைக்ரோன் வீதம் 84 மைக்ரோன் எடுக்க வேண்டும். லாசிக் எனின் மூடிக்கு 110. இரண்டும் கூடி 194. மிஞ்சுவது 296. குறைந்தது 250 மிஞ்சவேண்டும் என்பது பொதுவிதி. ஆகவே போதும் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மொத்தக் கனத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு கைவைக்கப்படுகின்றது. அது எல்லைக்கோடு. போதும் என்பது வேறு. பத்திரம் என்பது வேறு.”

“ஸ்மைல் ஆகாதோ?” என்றோம். “மேலே மூடி வெட்டாதது நன்மைதான். ஆயினும் உருவும் வில்லை சற்றுக் கனமாகும். அதற்கு மேலுள்ள பகுதியையும் கழித்தால் அடியில் மிஞ்சுவது இன்னும் குறையும். உமக்குப் பி.ஆர்.கே. செய்தால் மேற்றோல் 50, லேசர் 84. அடியில் 356 மிஞ்சும். ஒரு வாரம் வலியைப் பொறுப்பீரோ?” என்றார். மெலிந்த படலத்தில் மிகுதியாக எடுத்தால் அது நாளடைவில் முன்தள்ளிக் கூம்பி, கண்ணாடியாலும் திருத்தமுடியாத மங்கலைத் தரக்கூடும் என்பதையும் மறைக்காமற் சொன்னார். படலம் இயல்பாகவே கூம்பத் தொடங்கியிருந்தால் எம்முறையும் செய்யாமல் அனுப்பியிருப்பேன் என்றார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரின் சொல்லையே நம்பினோம்.

சிகிச்சை ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்களே. கண்ணுக்கு மரப்பு மருந்து இட்டிருந்தமையால் வலியில்லை. ஆயின் அன்றிரவு தொடங்கிய எரிச்சலை எழுதிக்காட்ட இயலாது. மிளகாய்த்தூளை இமைக்குள் அடைத்ததுபோல் இருந்தது. கண்ணின்மேல் காப்பு வில்லை, அறையெங்கும் இருள். மூன்று நாட்கள் மனைவியார் கைப்பிடித்துக் குளியலறைக்கு அழைத்துச் சென்றார். அப்பொழுது தென்மராட்சி வீதியும் தந்தையாரின் சட்டை நுனியும் நினைவில் வந்து நின்றன. தெரியாத கண்ணோடு எப்பொழுதும் எவரையேனும் பற்றித்தான் நடந்தோம் என்று எண்ணியபோது, கண் எரிந்ததோ கண்ணீர் வந்ததோ அறியோம்.

ஐந்தாம் நாள் காப்பு வில்லையை அகற்றினர். உலகம் இன்னும் புகையாகவே இருந்தது. “லாசிக் செய்திருந்தால் இந்நேரம் வேலைக்குப் போயிருப்பீர்” எனக் கணக்காளர் நண்பர் நகைத்தார். பொறுத்தோம். சொட்டுமருந்தைத் தவறவிடாமலும், வெய்யிலிற் கறுப்புக் கண்ணாடி இன்றிப் போகாமலும் இருந்தோம். இரண்டாம் மாதம் ஒருநாள் ஊருக்கு வந்து, கல்லூரியைப் பார்க்கச் சென்று, விடுமுறையால் வெறிச்சோடிய பழைய வகுப்பறையிற் பின் வாங்கில் அமர்ந்தோம். கரும்பலகையில் எவரோ எழுதி அழிக்காமல் விட்ட கணக்கொன்று இருந்தது. 3 மூன்றாகவும் 8 எட்டாகவும் தெரிந்தன. அக்கணித ஆசிரியர் அப்பொழுது காலமாகிவிட்டார். அவரிடம் சொல்லமுடியாமற் போன நன்றியை இம்மலரில் எழுதிவைக்கின்றோம்.

ஆதலின், “எம்முறை சிறந்தது?” என்று வினவும் இளைஞருக்கு நாம் கூறுவது இதுவே. அவ்வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. கனத்த படலமும் குறைந்த குறையும் உடையார்க்கு மூன்றும் ஆகலாம்; விரைவில் வேலைக்கு மீளவேண்டியவர் லாசிக்கை நாடலாம்; கண்ணில் அடிபடத்தக்க விளையாட்டினர் மூடியில்லா முறைகளை நினைக்கலாம்; மெலிந்த படலத்தார் பி.ஆர்.கே.யின் வலியைப் பொறுக்கலாம். சிலர் கண்ணாடியோடு இருத்தலே நன்று. பாடசாலை மாணவர் அவசரப்படற்க; பதினெட்டு வயது கடந்து, குறை ஓராண்டேனும் மாறாமல் நின்ற பின்னரே இதனை எண்ணுக. செய்வோரிடம், “எவ்வளவு எடுப்பீர்? எவ்வளவு மிஞ்சும்?” என்று கேளுங்கள். தாளில் எழுதிக் காட்டுபவரிடம் கண்ணை ஒப்படையுங்கள்.

இறுதியாக ஓர் உண்மையையும் மறைக்கக்கூடாது. நாற்பதைக் கடந்தால் அருகிலுள்ளதைப் படிக்கும் ஆற்றல் யாவர்க்கும் குறையும். இச்சிகிச்சை அதனைத் தடுப்பதில்லை. அவ்வம்மையார் இதனையும் முன்னரே சொல்லியிருந்தார். ஆகவே இக்கட்டுரையை மூக்கின் நுனியில் வாசிப்புக் கண்ணாடியை வைத்துக்கொண்டே எழுதுகின்றோம். அதனைக் கண்டு எம்மகன் நகைக்கின்றான். நகைக்கட்டும். கண்ணாடி தவறிக் கீழே வீழ்ந்தாலும், வீதி எமக்குத் தெரியும். அவன் கையைப் பற்றி அழைத்துச் செல்ல எம்மால் இயலும். அஃதே போதும்.

எம்மை முன் வாங்கில் இருத்திக் கண் தந்த கல்லூரி அன்னை நீடு வாழ்க.