கோடு போட்ட காலண்டர் தாள்

அம்மாடி, நேற்றுச் சாயங்காலம் கைப்பேசியைப் பார்த்தபடியே கீழுதட்டுத் தோலை உரித்துக்கொண்டிருந்தாய். கேட்டதற்கு, "உடம்புச் சூடு தாத்தா" என்றாய்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம், ராத்திரி உதட்டில் நெய். உடம்பு குளிர்ந்தது, உதடு அடங்கவில்லை. மஞ்சளாகத் தடிக்கும், உரியும், அடியில் சிவந்து எரியும், சில நாளில் மறுபடி தடிக்கும். ரசம் பட்டால் கண்ணில் நீர் முட்டும். பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டு, மொய் எழுதிவிட்டு நழுவிய கல்யாணங்கள் உண்டு.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு மூன்றே நாளில் ஆற்றியது. நிறுத்தியதும் முன்னைவிட மோசம். அது ஸ்டீராய்டு என்பதே தெரியாமல் இரண்டு வருஷம் பூசினேன். படித்த முட்டாள்!

தோல் டாக்டரம்மா எடுத்ததும் மருந்து எழுதவில்லை. என்ன பேஸ்ட், வெயிலில் வேலையா, புகையிலை உண்டா என்று துருவினார். புதினா, லவங்கப்பட்டை வாசனை சேர்த்த பேஸ்ட்டே சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். முதுகில் ஒவ்வாமைச் சோதனை, உதட்டைச் சுரண்டிப் பூஞ்சைச் சோதனை, ரத்தத்தில் இரும்புச்சத்து. எதிலும் குறையில்லை. அப்போது கேட்டார்: "ஐயா, பேச ஆரம்பிச்சதுலேர்ந்து எத்தனை தடவை உதட்டைத் தொட்டீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவர் எண்ணியிருந்தார்: 7.

மற்றதையெல்லாம் கழித்த பிறகே இதற்குப் பெயர் சூட்டுவார்கள்: எக்ஸ்ஃபோலியேட்டிவ் கீலைட்டிஸ். எல்லாருக்கும் கைதான் காரணம் என்றில்லை. எனக்குக் கையும் நாக்கும். எச்சில் காயும்போது உதட்டின் ஈரத்தையும் கொண்டுபோய்விடும். பிய்த்த இடத்தில் தோல் அவசரமாக, அரைகுறையாக வளர்ந்து மறுபடி உரியும்.

சில வாரம் அளவாக ஸ்டீராய்டு, பிறகு டாக்ரோலிமஸ் களிம்பு, நாள் முழுக்க வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி. இதெல்லாம் சுலபம். கை உதட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொன்னாரே, அதுதான் கஷ்டம். காலண்டர் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் 41. ஆபீசில் கணக்கு உதைத்த நாளெல்லாம் கோடு கூடியது. மனக்கவலை விரலில் இறங்குகிறது என்று அந்தத் தாள் காட்டித்தான் தெரிந்தது. ஆறுவதற்கு ஐந்து மாதம்.

பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறாயா? அதுவும் உதட்டைக் காயவைக்கும்; டாக்டரிடம் சொல். அப்பாவிடமும் ஒன்று சொல்: கீழுதட்டில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண் என்றால், வெயிலில் நிற்பவரும் புகையிலை போடுபவரும் களிம்பு தேடக்கூடாது. அது புற்றா என்று பார்க்க வேண்டும்.

உன் மேசையில் ஒரு காலண்டர் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன்.